சூரியதேவி ஒளிந்த குகை: தகாச்சிஹோவின் அமனோ இவாதோ கோயிலுக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் கியூஷு தீவில், மியாசாகி மாகாணத்தின் வடக்கே மலைகளுக்கு நடுவில் இருக்கிறது தகாச்சிஹோ. அந்தச் சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி, இவாதோ ஆற்றங்கரையில் அமனோ இவாதோ என்ற கோயில். ஜப்பானின் பழஞ்சமயமான ஷின்டோவைச் சேர்ந்தது. சூரியதேவி அமதெராசு கோபித்துக்கொண்டு ஒளிந்த குகை இங்கேதான் இருக்கிறது என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. அந்தக் குகைதான் கோயிலின் மூலவர்.

போகும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே குகைகள் இரண்டு. அமதெராசு ஒளிந்த குகைக்குள் யாரும் போக முடியாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்க்கரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். இணையத்தில் எல்லோரும் பகிர்கிற படத்தில் இருப்பது இன்னொரு குகை. ஒளிந்தவளை எப்படி வெளியே அழைப்பது என்று தேவர்கள் கூடி யோசித்த இடம் அது. இந்த வேறுபாடு தெரியாமல் வருகிறவர்கள் இரண்டாவது குகையில் படம் எடுத்துக்கொண்டு, மூலக் குகையைக் கும்பிடாமலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதனால் நான் சொல்லும் வழி, கதை நடந்த வரிசையிலேயே நடப்பது. காலையில் ஒளிந்த குகை, பிறகு கூடிய குகை, அடுத்து அவள் வெளியே வந்து தங்கிய கோயில், இரவில் அந்தக் கதையின் ஆட்டம். இதற்கு ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தேவை. அரை நாளில் முடித்துவிடலாம் என்ற திட்டத்தோடு போகாதீர்கள்.

புறப்படும் முன்: கதை

712இல் தொகுக்கப்பட்ட கோஜிகி, 720இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற இரண்டு பழைய நூல்களிலும் இந்தக் கதை வருகிறது. அமதெராசுவின் தம்பி சுசனோஓ புயலைப் போன்றவன். அக்காளின் வயல் வரப்புகளை உடைத்தான், வாய்க்கால்களைத் தூர்த்தான். அதோடு நிற்கவில்லை. தேவர்களுக்கு ஆடை நெய்யும் கூடத்தின் கூரையைப் பிய்த்து, தோலுரித்த குதிரை ஒன்றை உள்ளே எறிந்தான். அதிர்ச்சியில் நெசவு செய்துகொண்டிருந்த பெண் உயிரை விட்டாள். அதுவரை தம்பிக்குப் பரிந்து பேசிவந்த அமதெராசு அதன்பின் பொறுக்கவில்லை. குகைக்குள் போய்ப் பாறைக்கதவை அடைத்துக்கொண்டாள். வானமும் பூமியும் இருண்டன.

எண்பது லட்சம் தேவர்கள் ஆற்றங்கரையில் கூடினார்கள். எண்ணற்றோர் என்பதைச் சொல்ல ஜப்பானியர் வழங்கும் தொகை அது. அறிவுக்குப் பேர்போன ஒமோய்கானே திட்டம் வகுத்தான். நீளமாகக் கூவும் சேவல்களைக் கொண்டுவந்து கூவவிட்டார்கள். ஒரு கண்ணாடி செய்தார்கள். மணிமாலை கோத்தார்கள். சகாகி மரத்தை வேரோடு பெயர்த்து நட்டு, அதன் கிளைகளில் இரண்டையும் தொங்கவிட்டார்கள். பிறகு அமெ நோ உசுமே என்ற பெண்தெய்வம் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறித் தடதடவென்று மிதித்து, ஆடை நெகிழ ஆடினாள். தேவர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள்.

இருட்டில் கிடக்கிறார்களே, எப்படிச் சிரிக்கிறார்கள் என்று உள்ளே இருந்தவளுக்கு வியப்பு. கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டாள். உன்னைவிட உயர்ந்த தெய்வம் ஒன்று வந்திருக்கிறது என்றாள் உசுமே. அதேநேரம் கண்ணாடியை நீட்டினார்கள். அதில் தெரிந்த ஒளியை நன்றாகப் பார்க்க அவள் ஓரடி முன்னே வந்ததும், கதவருகே மறைந்து நின்ற தஜிகராஓ என்ற பலசாலித் தெய்வம் கையைப் பிடித்து வெளியே இழுத்தது. மறுபடி உள்ளே போகக்கூடாதென்று அவளுக்குப் பின்னால் ஒரு கயிற்றைக் கட்டினார்கள்.

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு பொருளையும் கோயிலில் எங்காவது பார்ப்பீர்கள். முறுக்கிய வைக்கோல் கயிறு, கண்ணாடி, சகாகிக் கிளை, கூத்து எல்லாம் உண்டு. கதை தெரியாமல் போனால் அவை வெறும் அலங்காரமாகத்தான் தெரியும். சூரிய கிரகணத்தின் நினைவே இப்படிக் கதையானது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. குளிர்காலத்தில் சூரியன் மெலிவதையும் மீள்வதையும் சொல்வதாகக் கொள்கிறவர்களும் உண்டு. இதே குகை தங்கள் ஊரில்தான் இருக்கிறது என்று சொல்லும் வேறு இடங்களும் ஜப்பானில் இருக்கின்றன. தகாச்சிஹோவில் அந்தக் கதை இன்றும் கிராமத்துக்குக் கிராமம் ஆட்டமாக நடக்கிறது. இந்த ஊரைப் பரிந்துரைக்க எனக்கு அதுவே காரணம்.

ஊர் போய்ச் சேர

தகாச்சிஹோவுக்கு ரயில் கிடையாது. முன்பு இருந்தது. 2005 செப்டம்பரில் வந்த சூறாவளி பாலங்களை அடித்துக்கொண்டுபோன பிறகு, அந்தப் பாதை மீண்டும் முழுமையாக ஓடவே இல்லை. இப்போது பேருந்துதான். ஃபுகுவோகாவின் ஹகாத்தாவிலிருந்து விரைவுப் பேருந்தில் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். குமாமோத்தோவிலிருந்தும் உண்டு, ஏறத்தாழ மூன்று மணி நேரம். கிழக்குக் கடற்கரையில் உள்ள நொபெயோகா வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வருவது மூன்றாவது வழி. எந்த வழியிலும் ஒரு நாளைக்குச் சில பேருந்துகளே ஓடுகின்றன. நேர அட்டவணையும் அடிக்கடி மாறும். விடுதியை முடிவு செய்வதற்கு முன்பே பேருந்தை முடிவு செய்துவிடுங்கள்.

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் குமாமோத்தோ விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுப்பதுதான் வசதி. சாலையில் நம்மைப்போலவே இடப்பக்கம்தான். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைச் சொந்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு போகவேண்டும். சொந்த நாட்டு உரிமமும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்கட்டும். குளிர்காலத்தில் மலைச்சாலையில் பனி உறைவதுண்டு. பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் அந்த மாதங்களில் பேருந்தில் போவதே நல்லது.

தகாச்சிஹோ பேருந்து நிலையத்திலிருந்து கோயில்வரை உள்ளூர்ச் சிற்றுந்து ஓடுகிறது. இருபது நிமிடத்துக்குள் கொண்டுபோய் விடும். ஆனால் அடுத்தடுத்து வராது. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் வண்டியின் நேரத்தை நிறுத்தத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? ஜூன், ஜூலையில் மழை கொட்டும். செப்டம்பர்வரை சூறாவளிப் பயம். ஏப்ரல், மே இதமான மாதங்கள். என்னைக் கேட்டால் நவம்பர் நடுவிலிருந்து இறுதிவரை சொல்வேன். மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், கிராமங்களில் விடியவிடிய ஆட்டமும் தொடங்கியிருக்கும். குளிருக்கு ஆடை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மேற்குக் கோயில்

ஆற்றின் இருபுறமும் இரண்டு கோயில்கள். பேருந்து நிற்பது மேற்குக் கோயிலின் முன்னால். பாறைக்கதவைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் தஜிகராஓவின் சிலை உங்களை வரவேற்கும். அவன் பெயர்த்து எறிந்த கதவு நகானோ மாகாணத்தின் தொகாகுஷி மலையில் போய் விழுந்தது என்று கதை சொல்வார்கள்.

தோரி வாயிலின் முன் நின்று ஒருமுறை தலைவணங்கி, ஓரமாக உள்ளே போங்கள். பாதையின் நடு தெய்வத்துக்கு உரியது. செருப்பைக் கழற்றத் தேவையில்லை. மண்டபத்தின் உள்ளே ஏறச் சொன்னால் மட்டும் கழற்றவேண்டும். நம் பழக்கத்தில் வாசலிலேயே விட்டுவிடத் தோன்றும். விடவேண்டாம், முழுவதும் சரளைக்கல் தரை.

அடுத்து கைகழுவும் தொட்டி. வலக்கையில் அகப்பையைப் பிடித்து இடக்கையில் நீர் ஊற்றுங்கள். கை மாற்றி வலக்கையில் ஊற்றுங்கள். மறுபடி வலக்கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாயைக் கொப்பளித்து ஓரமாகத் துப்புங்கள். அகப்பையில் வாய் படக்கூடாது. இடக்கையை இன்னொரு முறை கழுவி, அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மிச்ச நீர் பிடியில் வழிந்து அதையும் கழுவிவிடும். இவ்வளவும் ஒரே அகப்பை நீரில் முடியவேண்டும். அகப்பை வைக்காமல் குழாய் வைத்திருந்தால் கைகளை நனைத்துக்கொண்டால் போதும்.

வழிபாட்டு மண்டபத்தின் முன்னால் காணிக்கைப் பெட்டி. நாணயத்தை மெல்லப் போடுங்கள், வீசவேண்டாம். 5 யென் போடுவதே வழக்கம், அதிகம் போடவேண்டுமென்று இல்லை. இரண்டு முறை இடுப்பு வளையக் குனிந்து, நெஞ்சுயரத்தில் இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை குனியுங்கள்.

இந்த மண்டபத்துக்குப் பின்னால் கருவறை இல்லை. எதிர்க்கரைக் குகையே தெய்வமாக இருப்பதால் தனியாக ஒன்று கட்டவில்லை. நீங்கள் மண்டபத்தின் முன்னால் கும்பிடும்போது கும்பிடுவது அந்தக் குகையைத்தான்.

வளாகத்தில் ஒரு மரத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிடுங்கள். ஒகதமா என்ற பசுமரம், தாவரவியலில் நம் செண்பகத்துக்கு நெருங்கிய உறவு. இலையின் பளபளப்பைப் பார்த்தாலே நமக்குத் தெரிந்துவிடும். உசுமே ஆடியபோது இதன் கிளையைக் கையில் பிடித்திருந்தாள் என்பது இங்கே வழங்கும் கதை. காய்கள் கொத்துக்கொத்தாகப் பிடித்திருப்பதைப் பார்த்தே கூத்தில் குலுக்கும் சலங்கைக்கொத்தைச் செய்தார்கள் என்பார்கள். இரவு ஆட்டத்தில் அந்தச் சலங்கையைப் பார்க்கும்போது இந்தக் காய்க்கொத்து ஞாபகம் வரும்.

ஒளிந்த குகையைக் கும்பிடுதல்

மண்டபத்தின் பின்புறம், ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு வழிபாட்டு மேடை இருக்கிறது. அங்கே நாமாகப் போக முடியாது. கோயில் பூசாரி குறிப்பிட்ட இடைவெளிகளில் ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகிறார். கட்டணம் இல்லை. கோயில் அலுவலகத்தில் அடுத்த முறை எப்போது என்று கேட்டு, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே மண்டபத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால், “அமனோ இவாதோ யோஹாய்” என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள்.

முதலில் பூசாரி கூடியிருப்பவர்கள் தலைக்குமேல் வெண்காகிதக் கற்றை கட்டிய கோலை இடமும் வலமும் ஆட்டித் தூய்மைப்படுத்துவார். தலையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பிறகு கதவைத் திறந்து பின்பக்கம் அழைத்துப்போவார். அங்கே படம் எடுக்கத் தடை. அலைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள், கையில்கூட வேண்டாம். விளக்கம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கதையை முன்பே தெரிந்துகொள்ளச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது.

என்ன தெரியும்? எதிர்க்கரையில் அடர்ந்த மரங்கள். இலைகளுக்கு நடுவே செங்குத்தான பாறைச்சுவர். அதில் ஓரிடம் உள்வாங்கி இருப்பது பூசாரி காட்டும் திசையில் உற்றுப் பார்த்தால் பிடிபடும். கோடையில் இலை செழித்திருக்கும்போது அதுவும் கடினம். கீழே ஆற்றின் ஓசை மட்டும் தெளிவாகக் கேட்கும். இவ்வளவுதானா என்று சிலர் முகம் சுருங்குவதுண்டு. ஆனால் இந்தத் தெய்வத்தின் கதையே கண்ணுக்கு மறைந்து போனதைப் பற்றியதுதானே. வாசல்வரை பாலம் போட்டு விளக்கும் வைத்துவிட்டால் இந்தக் கோயிலுக்கு என்ன மிஞ்சும்? எல்லாவற்றையும் சுற்றுலாவுக்குத் திறந்துவிடும் காலத்தில், ஆள்கால் படாமல் ஒரு குகையைக் காட்டுக்கே விட்டுவைத்திருக்கிறார்களே, அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை தட்டி, ஒருமுறை குனிந்து விடைபெறுங்கள்.

தேவர்கள் கூடிய குகை: அமனோ யசுகவாரா

கோயிலின் பின்வழியாக வெளியேறி, சில கடைகளைத் தாண்டி, ஆற்றின் எதிரோட்டத் திசையில் பத்துப் பதினைந்து நிமிட நடை. பாதை படிகளாக ஆற்றங்கரைக்கு இறங்கும். வளைந்த பாலம் ஒன்றைக் கடந்து கொஞ்சம் நடந்தால் குகை. கற்படிகளில் பாசி படிந்திருக்கும், வெயில் நாளிலும் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்பும்போது ஏற்றம் இருப்பதை மனதில் வைத்து மெதுவாகப் போகலாம். சக்கர நாற்காலியில் போக வழியில்லை.

இது அகலமான, வாய் பிளந்த குகை. முகப்பு ஏறத்தாழ 40 மீட்டர், ஆழம் 30 மீட்டர். உள்ளே ஒரு தோரி. அதற்குப் பின்னால் சின்ன மரக்கோயில். திட்டம் வகுத்த ஒமோய்கானேயும் கூடிய தேவர்கள் அனைவரும் இங்கே உறைகிறார்கள். தரையில் தொடங்கி, படியோரம், பாறை விளிம்பு, தோரியின் அடி என்று ஒரு சாண் இடமும் விடாமல் கற்கள் அடுக்கியிருக்கும். உள்ளங்கை அளவு தட்டைக்கல் கீழே, அதன்மேல் சிறியது, உச்சியில் கூழாங்கல். மூன்று கல் அடுக்குகளும் உண்டு, முழங்கால் உயரக் கோபுரங்களும் உண்டு. பாறைக்கூரையிலிருந்து நீர் சொட்டுகிற இடங்களில் அடுக்குகளின்மேல் பச்சை படர்ந்திருக்கும்.

வேண்டிக்கொண்டு கல் அடுக்கினால் நினைத்தது நடக்கும் என்று வருகிறவர்கள் செய்து செய்து வந்த வழக்கம் இது. நீங்களும் அடுக்கலாம். தரையில் தனியாகக் கிடக்கும் கல்லை மட்டும் எடுங்கள், பிறர் அடுக்கியதிலிருந்து உருவாதீர்கள். பை தட்டியும் அடுக்குகள் சரியும் என்பதால் முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு கல்லைக்கூட ஊருக்கு எடுத்துவராதீர்கள். அடுக்காமல் கும்பிட்டுவிட்டு வந்தாலும் குறையில்லை.

இங்கே படம் எடுக்கலாம். உள்ளே நின்று குகைவாயைப் பார்த்து எடுத்தால், இருண்ட பாறைக்கு நடுவில் தோரியும் அதற்கு அப்பால் பச்சை ஒளியும் விழும். வழிபடுகிறவர்களை மறித்து நிற்கவேண்டாம். பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். மேற்குக் கோயிலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்பே வந்து, முதல் வழிபாட்டு அழைப்பில் சேர்ந்துகொண்டால் கூட்டம் சேர்வதற்குள் குகைக்கு வந்துவிடலாம்.

கிழக்குக் கோயில்

பெரும்பாலானோர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். மேற்குக் கோயிலிலிருந்து சாலைவழியே ஆற்றுப்பாலத்தைக் கடந்து கொஞ்சத் தூரம் நடந்தால் போதும். குகையிலிருந்து வெளியே வந்த அமதெராசு முதலில் தங்கிய இடம் என்று சொல்லப்படுகிறது. நுழைவில் ஆடும் கோலத்தில் உசுமேயின் சிலை. நீண்ட கற்படி வரிசை ஏறினால், உயர்ந்த சீடார் என்ற ஊசியிலை மரங்களுக்கு அடியில் எளிமையான கோயில். அதன் பின்னால் மர வேரடியிலிருந்து ஊறும் நீரும், வேர் ஒன்றாகப் பின்னிய ஏழு சீடார் மரங்களும் இருக்கின்றன. பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். மேற்குக்கும் குகைக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டால், இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கும்பிட்டதற்கு அடையாளமாகக் கோயில் தரும் முத்திரைக் கையெழுத்தை வாங்கும் வழக்கமுள்ளவர்கள் மேற்குக் கோயில் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கும்பிட்ட பிறகே கேட்பது முறை.

பிற்பகலில்

ஊருக்குத் திரும்பி தகாச்சிஹோ பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அசோ எரிமலை ஏறத்தாழ 1,20,000 ஆண்டுகளுக்கும் 90,000 ஆண்டுகளுக்கும் முன்பு கக்கிய சூடான சாம்பல் பாய்வுகள் குளிர்ந்து இறுகி, கொகாசெ ஆறு அறுத்தெடுத்த பள்ளம் அது. பாறைச் சுவர்கள் தூண் தூணாக நிற்கும். 17 மீட்டர் உயர மனாய் அருவி மேலிருந்து நேரே நீரில் விழும். துடுப்புப் படகில் போக ஆசை என்றால் முன்பதிவு செய்யுங்கள். வெள்ளம் வந்தால் படகு கிடையாது. மேலிருந்து நடந்தே பார்ப்பதும் அழகுதான்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்கவேண்டும். இந்த ஊருக்கு மாட்டிறைச்சியில் பெயர். மூங்கில் குழாயில் ஓடும் நீரில் நூடுல்ஸ் விட்டுப் பிடித்துச் சாப்பிடும் சோமென்னும் இங்கே பிரபலம். ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். விடுதி முன்பதிவின்போதே மீன்சாறும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன்சாறு அதில் சேர்ந்துவிடும். பகலுக்குக் கடையில் கிடைக்கும் உப்புச் சோற்று உருண்டை, உமே என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த உருண்டை, பழம் போதும். கோயில் பக்கம் கடைகள் குறைவு, கையில் கொண்டுபோங்கள்.

இரவு 8 மணி: ககுரா

தெய்வங்களுக்காக ஆடும் ஷின்டோ கூத்துக்கு ககுரா என்று பெயர். நகரத்துக்குள் இருக்கும் தகாச்சிஹோ கோயிலின் ககுரா மண்டபத்தில் ஒவ்வோர் இரவும் 8 மணிக்கு ஒரு மணி நேர ஆட்டம். முழு ககுராவில் 33 ஆட்டங்கள் உண்டு, இங்கே நான்கு. தரையில் பாய்மேல் உட்காரவேண்டும். முன்னால் இடம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்பே போங்கள். கோயிலில் இணையர் கைகோத்துச் சுற்றிவரும் ‘தம்பதி’ சீடார் மரங்களையும் அப்படியே பார்த்துவிடலாம்.

முதல் ஆட்டத்தில் தஜிகராஓ வெண்முகமூடியோடு வருவான். அவன் குகையைத் தேடுகிறான். சட்டென்று நின்று தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்பான். குழலும் பறையும் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த நிற்றல் வரும். காலையில் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று நீங்கள் செய்ததும் அதுதான். அடுத்தது உசுமேயின் ஆட்டம். மூன்றாவதில் செம்முகமூடி போட்டவன் பாறைக்கதவைப் பிடுங்கித் தூக்கி எறிவான். கடைசியில் ஜப்பான் தீவுகளைப் படைத்ததாகச் சொல்லப்படும் இசனாகி, இசனாமி தம்பதி அரிசி மது காய்ச்சிக் குடித்துக் கட்டிக்கொள்ளும் ஆட்டம். ஆடுகிறவர்கள் பார்வையாளர் நடுவிலும் இறங்கி வருவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தயங்கவேண்டாம், ஊரார் குழந்தைகளோடுதான் சிரிக்கிறார்கள்.

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரிவரை சுமார் இருபது கிராமங்களில், ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு நாளில், மாலையில் தொடங்கி மறுநாள் முற்பகல்வரை 33 ஆட்டங்களையும் ஆடுவார்கள். அறுவடைக்கு நன்றியும் அடுத்த விளைச்சலுக்கு வேண்டுதலும். 1978இல் இது ஜப்பானின் முக்கியமான தொட்டுணர முடியாத நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஆடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை, அந்த ஊர்க் குடியானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும்தான். ஆட்டம் நடப்பது யாராவது ஒருவர் வீட்டில் அல்லது ஊர்ப் பொதுக்கூடத்தில். கயிறு கட்டி, வெட்டிய வெண்காகித உருவங்களைத் தொங்கவிட்ட சதுரம்தான் ஆடுகளம். அதற்குள் காலோ கையோ கேமராவோ நீளக்கூடாது. காணிக்கையாகப் பணமோ மதுப் புட்டியோ கொண்டுபோவது வழக்கம். வெள்ளை உறையில் பணமாகக் கொடுத்தால் நமக்கு எளிது. எந்த ஊரில் எந்த நாள், வெளியாட்கள் வரலாமா என்பதை ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளிச் சட்டையும் மெத்தையும் எடுத்துப்போங்கள், பக்கக் கதவுகளைத் திறந்துவைத்தே ஆடுவார்கள். குகைக்கதவு திறக்கும் ஆட்டங்கள் விடியும் வேளையில்தான் வரும். நள்ளிரவில் தூக்கம் வந்தால் ஓரமாக ஒரு குட்டித்தூக்கம் போட்டுவிட்டு, நான்கு மணிக்கு எழுந்துகொள்ளுங்கள்.